பச்சைமலையில் கூடிப்போன மழை

வளைகுடாவிலிருந்து ஒருவன் ஊர் திரும்பிப் பெட்டியைப் பிரித்தால் லெப்பைக்குடிக்காட்டில் தெருவே வந்து வாசலில் நிற்கும். ஜபருல்லா எட்டு வருஷ வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்திறங்கியது எண்பத்து மூன்றாம் வருஷம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம். சென்ட் பாட்டில்கள் வந்தன. கோடாலித் தைலம் வந்தது. சேலைகளும் குடைகளும் வந்தன. கடைசியில், பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிய கனமான சாமான் ஒன்றை அவன் இரண்டு கைகளாலும் தூக்கி நடுக்கூடத்தில் வைத்தான். டேப் ரெக்கார்டர்தான் என்று எல்லோரும் நெருங்கி வந்தார்கள். அவன் மனைவி சாகிரா அதற்காகவே அடுத்த வீட்டிலிருந்து ஒரு கேசட்டை இரவல் வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள்.

போர்வைக்குள் இருந்தது டைப்ரைட்டர்.

சாகிராவின் அண்ணன் அப்துல் லத்தீப்தான் குனிந்து ஒரு விசையைத் தட்டிப் பார்த்தார். "மாப்ள, இது பாடுமா?"

"தட்டுனா சத்தம் வரும் மச்சான்," என்றான் ஜபருல்லா சிரிக்காமல்.

கூட்டம் கலைந்ததும் சாகிரா அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எட்டு வருஷத்தில் மூன்று தடவை விடுமுறைக்கு வந்தவன் அவன். விடுமுறைக்கு வருகிறவனைச் சமாளிப்பது சுலபம். ஆட்டுக்கறி எடுக்கலாம், சொந்தக்காரர் வீடுகளுக்கு அழைத்துப் போகலாம், நாள் ஓடிவிடும். திரும்பிப் போகாமல் வீட்டிலேயே இருக்கப் போகிறவனோடு என்ன பேசுவது என்று அவளுக்குப் புரியவில்லை. டீயில் சர்க்கரை வேண்டாம் என்பதையே அவன் நாலாம் நாள்தான் சொன்னான். அதுவரை முகம் சுளிக்காமல் குடித்திருந்தான். ஏழு வயது மகள் நஜீமா அவனை "அத்தா" என்று கூப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

லத்தீப்புக்குப் பெரம்பலூரில் இரும்புச் சாமான் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கடைக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். "நீ வந்து ஒக்காந்தா போதும் மாப்ள. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"ஒக்கார்றேன் மச்சான், இன்ஷா அல்லா. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு."

அந்தச் சின்ன வேலை என்னவென்று அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் சாகிராவுக்குத் தெரிந்தது. அங்கே அவன் ஒரு விமான நிலையத்தின் வானிலை ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தான். தினமும் வெப்பம், காற்று, மழை என்று கட்டம் கட்டமாக அடிக்க வேண்டும். மழைக் கட்டத்தில் அடிக்கக் கிடைத்ததெல்லாம் 'இல்லை' என்ற ஒரே சொல். மேலதிகாரி சூடான் நாட்டுக்காரர், நல்ல மனிதர். ஒரு நாள் அவர், "உன் ஊரில் வருஷத்துக்கு எவ்வளவு மழை?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நெறையன்னு சொன்னேன். 'நிறைய என்பது எண் இல்லையே'ன்னுட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு சாகிரா. மழையே இல்லாத ஊருக்காரங்க இல்லாத மழையைத் தெனம் எழுதி வைக்கிறாங்க. நமக்கு ஆறு இருக்கு, மலை இருக்கு, ஒண்ணும் தெரியலை. மலையில மழை கொறைஞ்சுபோச்சுன்னு ஊரே சொல்லுது. நெசமா கொறைஞ்சுதான்னு நான் பாக்கணும்."

இதற்காகவா ஒரு மனிதன் டேப் ரெக்கார்டரை விட்டுவிட்டு டைப்ரைட்டரைத் தூக்கி வருவான் என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனாலும் எட்டு வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

மறுவாரமே வீட்டுக்குச் சாக்குப்பைகள் வர ஆரம்பித்தன. பச்சைமலை மேலே மேல்காட்டுத் தோட்டம் என்று ஒரு பழைய காப்பித் தோட்டம் இருந்தது. அதைப் போட்ட வெள்ளைக்காரத் துரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் பங்களா முற்றத்தில் ஒரு மழைமானியை நட்டு, பெய்த மழையைத் தினமும் எழுதும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தான். துரை போய், தோட்டம் இரண்டு கை மாறிய பிறகும் அந்த எழுத்து நிற்கவில்லை. எழுதி முடித்த புத்தகங்களெல்லாம் பெரம்பலூரில் தோட்டத்துக் கிடங்கில் கிடந்தன. கணக்குப்பிள்ளை குருநாதன், யாராவது அவற்றைக் கேட்டு வந்ததே பெரிய ஆச்சரியம் என்று, பை பையாகக் கொடுத்தனுப்பினார்.

பையைக் கொட்டியதும் பூச்சிகள் ஓடின. "அடுத்த வூட்டுப் புருஷனெல்லாம் மலையிலேர்ந்து பலாப்பழம் கொண்டாறாங்க," என்றாள் சாகிரா, விளக்குமாறோடு. "நம்ம வூட்டுக்கு மழை வருது. அதுவும் காஞ்சுபோன மழை."

பழைய கையெழுத்து மங்கிப்போயிருந்தது. ஜபருல்லா தாளைப் பார்த்தால் புத்தகத்தில் வரி தவறியது. புத்தகத்தில் குனிந்து எழுத்துக் கூட்டினால் விரல் தவறியது. இரண்டு நாள் தடுமாறிவிட்டு, "கொஞ்சம் படிச்சுச் சொல்றியா?" என்று தயங்கிக் கேட்டான். அவள் பத்தாவது பாஸ். கணக்கில் அந்த வருஷம் பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் முதல். அடுப்பு வேலை முடிந்த மத்தியானத்தில், சரி, கொஞ்ச நேரம் என்று உட்கார்ந்தாள்.

எண்களைப் படிப்பது அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. எழுதியவர்கள் அதில் மழையை மட்டும் எழுதவில்லை. 'மூடுபனி. எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை.' 'தூறல். சமையல்காரன் வரவில்லை.' மறுநாள்: 'தூறல். சமையல்காரன் இன்றும் வரவில்லை.' அதற்கு மறுநாளுக்கு அவள் தானாகவே பக்கத்தைப் புரட்டினாள். 'நல்ல மழை. சமையல்காரன் வந்தான், குடித்திருந்தான்.'

முப்பத்தேழாம் வருஷத்தில் ஓரிடத்தில் அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள். "என்ன?" என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினாள். 'கரடி மழைமானியைத் தள்ளிவிட்டது. மழை தெரியவில்லை. கரடியையும் காணவில்லை.'

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவன் சிரித்தால் முதலில் தோள்தான் குலுங்கும், சத்தம் பின்னால்தான் வரும். தன் புருஷனிடம் இப்படி ஒரு சிரிப்பு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. டைப்ரைட்டரில் வரி முடிந்து மணி அடிக்கும்போதெல்லாம் நஜீமா ஓடிவந்து, "அத்தா, மணி! நான் தள்றேன்!" என்று உருளையைத் தள்ளினாள். இப்போது அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி போய் மார்கழி போய், தை பிறந்தது. அங்குலத்தில் இருந்த கணக்கு ஐம்பத்தேழில் மில்லிமீட்டருக்கு மாறியது. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்து, பத்துப் பத்து வருஷமாகக் கூட்டி வகுக்கும் பொறுப்பைச் சாகிரா எடுத்துக்கொண்டாள். விடை வந்தபோது ஜபருல்லா எழுந்து நின்றுவிட்டான்.

முதல் ஐம்பது வருஷமும் மலையில் சராசரி மழை முப்பத்தொன்பது அங்குலத்தை ஒட்டியே இருந்தது. எழுபத்து நாலிலிருந்து அது அறுபத்தொன்று.

"கொறையலை சாகிரா! ஒண்ணரை மடங்கு கூடியிருக்கு! பச்சைமலையோட வானமே மாறிப்போச்சு!"

அவன் சும்மா இருக்கவில்லை. பெரம்பலூர், அரியலூர் தாலுகா ஆபீஸ்களுக்குப் போய்த் தரையில் பெய்த மழையையும் எழுதிக்கொண்டு வந்தான். அங்கே எதுவும் கூடவில்லை, பழைய அளவேதான். "பாத்தியா? தரை அப்படியே இருக்கு. மலை மட்டும் தனியா மாறுது," என்று இன்னும் குதித்தான். குதித்ததோடு நிற்காமல் பள்ளிவாசல் முனை டீக்கடையிலும் போய்ச் சொல்லிவிட்டான்.

டீக்கடை ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மலையிலிருந்து இறங்கும் சின்னாறு வெள்ளாற்றில்தான் வந்து விழுகிறது. அந்த வெள்ளாறு ஊரை ஒட்டி வெறும் மணலாகக் கிடந்தது. "மலையில அவ்ளோ மழை பெஞ்சா தண்ணியெல்லாம் எங்க பாய்? அக்கரை திட்டக்குடிக்காரன் குடிச்சுட்டானா?" என்று கேட்டார்கள். அவனுக்கு 'மழை பாய்' என்று பேரும் வைத்துவிட்டார்கள். லத்தீப் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "மாப்ள, கடையைத் தொறக்கறதுக்கு முன்னாடியே இப்படிப் பேர் வாங்குனா, நாளைக்கு எவன் ஒன்கிட்ட ஆணி வாங்குவான்?"

வீட்டுக்கு வந்தவனிடம் சாகிராவும் அதையேதான் கேட்டாள், சிரிக்காமல். "இத்தினி பேரு கொறைஞ்சிருக்குன்னு சொல்றாங்களே, அத்தினி பேருக்குமா கண்ணு தெரியாது?"

"நீயே கூட்டுன கணக்குத்தானே? நம்பர் பொய் சொல்லுமா?"

"கணக்கு தப்பில்லைங்க. ஆனா கூடுனது கொஞ்சம் கொஞ்சமா கூடலை. எழுபத்திமூணுல படுத்து எழுபத்திநாலுல எந்திரிச்ச மாதிரி கூடியிருக்கு. அந்த வருஷம் மலையில என்னமோ நடந்துருக்கு. மழைதான் மாறுச்சோ, வேற ஏதாச்சும் மாறுச்சோ, இங்க ஒக்காந்துக்கிட்டா தெரியுமா?"

"அதுக்கு?"

"போய்ப் பாப்போம்."

'போய்ப் பாருங்க' என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வந்து விழுந்தது 'பாப்போம்'. அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "நீயும் வரியா?" என்று கேட்ட குரலில், மழை ஒன்றரை மடங்கு கூடியதைச் சொன்னபோது இருந்ததைவிட அதிக மகிழ்ச்சி இருந்தது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். நஜீமா பெரியம்மா வீட்டில் இருந்துகொண்டாள். வழித்துணை என்று லத்தீப்பும் ஏறிக்கொண்டார். அரும்பாவூர் தாண்டி, மலையடிவாரத்தில் மலையாளப்பட்டியில் இறங்கினால் அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். லத்தீப் அண்ணாந்து மலையைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், டீக்கடை பெஞ்சைப் பார்த்தார். "மேல எவ்ளோ மழைன்னு நீங்க பாத்துட்டு வாங்க. கீழ எவ்ளோ மழைன்னு நான் இங்கேர்ந்து பாத்துக்கறேன்."

சொந்தக்காரர் யாரும் கூட இல்லாமல் புருஷனும் பெண்டாட்டியுமாக எங்கேயும் போவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. வெள்ளைத் துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு சாகிரா முன்னால் ஏறினாள். பாலைவனத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவனுக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது ஒரு செடியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டு நின்றான். இளைப்பாறத்தான் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரியாத செடிக்கெல்லாம் வாயில் வந்த பேரைச் சொன்னாள். அவனும் அதையெல்லாம் பக்தியோடு குறித்துக்கொண்டான்.

மேலே அவர்களை வரவேற்றது தோட்டத்து மேஸ்திரி செல்லமுத்து. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். மழைப் புத்தகத்தைப் பதினைந்து வருஷமாக எழுதி வருகிறவர் அவர்தான். தன் எழுத்தைப் படிக்க இரண்டு பேர் மலை ஏறி வந்திருக்கிறார்கள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மழை கூடியிருக்கிறதா என்று ஜபருல்லா கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"கூடியிருக்கா? எங்க பாய்? இங்க குடிக்கிற ஊத்தே மாசியில வத்திப்போவுது."

"நீங்க எழுதுன கணக்குல கூடியிருக்குண்ணே."

"நான் பாத்ததைத்தான் எழுதுனேன்," என்றார் அவர் குழப்பத்தோடு. முற்றத்துக்குக் கூட்டிப்போய் மழைமானியைக் காட்டினார். திறந்த வெளியில், மரமோ கூரையோ கிட்டே இல்லாமல், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. உள்ளே ஒரு ஜாடியில் தேங்கும் தண்ணீரைக் காலை எட்டரை மணிக்குக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எந்தக் கோடு வரை நிற்கிறதோ அதை எழுத வேண்டும். அவர் ஊற்றிக் காட்டினார். ஜபருல்லா மானியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு குறையும் தெரியவில்லை.

சாகிரா அடுப்படிப் பக்கம் போனாள். செல்லமுத்துவின் மனைவி இருசம்மாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கி இறக்கிவிட்டு, கீழே சந்தைக்குப் போக வேண்டிய தேனைப் பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாகிரா பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். இருசம்மாள் வைத்திருந்த புனல் சாதாரணப் புனலாக இல்லை. மேல் விளிம்பு பித்தளையில், கத்தி மாதிரிச் சீவி, அச்சுப் பிசகாத வட்டமாக இருந்தது.

"அக்கா, இது ஏது? நல்லா இருக்கே."

"இதுவா? பழைய மழைப்பானையோட தலை. அது துருப்புடிச்சு ஓட்டையாப் போச்சுன்னு புதுசு குடுத்தாங்க. இதைத் தூக்கிப் போட மனசு வரலை. தேன் ஊத்தத் தோதா இருக்கு."

"எப்ப மாத்துனாங்க?"

"எம் பெரிய பொண்ணு கல்யாணம் நடந்த வருஷம். ஆச்சு, பத்து வருஷம்."

சாகிரா தேன் சொட்டச் சொட்டப் புனலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். பின்னாலேயே இருசம்மாள், "கண்ணு, தேனு! தேனு!" என்று ஓடிவந்தாள். சாகிரா புனலைப் புதிய மானியின் வாய்மேல் வைத்தாள். அது உட்காரவில்லை. உள்ளே விழுந்துவிட்டது.

"இதோட வாய் பெருசுங்க," என்றாள் மூச்சு வாங்க. "அண்ணே, இந்தக் கண்ணாடி புதுசோட வந்ததா, பழசோடதா?"

செல்லமுத்து யோசித்தார். "புதுசோட ஒரு கண்ணாடி வந்துச்சும்மா. அந்த வாரமே கீழ விழுந்து ஒடைஞ்சுபோச்சு. பழசுதான் நல்லா இருக்கேன்னு அதையே வச்சுக்கிட்டேன். ரெண்டும் கண்ணாடிதானே?"

ஜபருல்லா தரையில் உட்கார்ந்துவிட்டான். நூலால் இரண்டு வாயையும் அளந்தார்கள். பழையது அஞ்சு அங்குலம். புதியது ஆறேகால்.

"ஒண்ணேகால் அங்குலந்தானே பாய் கூட?" என்றார் செல்லமுத்து. "அதுக்கா இவ்ளோ?"

"அண்ணே, தோசைக்கல்லு ரெண்டு விரக்கடை பெருசா வாங்கிப் பாருங்க," என்றாள் சாகிரா. "மாவு ஒண்ணரைப் பங்கு இழுக்கும். அகலம் எல்லாப் பக்கமும்ல கூடுது!"

அதேதான். அகன்ற வாய் ஒன்றரைப் பங்குக்கு மேலேயே தண்ணீரைப் பிடித்தது. கண்ணாடியின் கோடுகளோ சின்ன வாய்க்காகப் போட்டவை. ஜபருல்லா குச்சியால் மண்ணில் வகுத்துப் பார்த்தான். அறுபத்தொன்று சுருங்கிச் சுருங்கி முப்பத்தொன்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஐம்பது வருஷமாக எது இருந்ததோ, அதே மழை.

அவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு மண்ணையே பார்த்தான். வானமே மாறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவன். ஓடிவந்து கண்டுபிடித்திருக்க வேண்டாமோ என்றுகூடச் சாகிரா நினைத்தாள். அப்போது அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் பதறிக் குனிந்தாள். பின்னாலேயே சத்தமும் வந்தது. சிரிப்பு.

"கரடி தேவலாம் சாகிரா. அது தள்ளிட்டுப் போனதை எழுதியாச்சும் வச்சிருந்தாங்க!"

செல்லமுத்துவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எம்மேல தப்பாயிப்போச்சுங்களா?"

"ஐயோ, இல்லண்ணே." ஜபருல்லா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பத்து வருஷமும் ஒரு நாள் விடாம, அதே கண்ணாடியாலயே அளந்திருக்கீங்க. நடுவுல மாத்தி மாத்தி அளந்திருந்தீங்கன்னா போச்சு. இப்ப எல்லாத்தையும் ஒரே எண்ணால வகுத்தா சரியாப்போயிடும்."

சாப்பிட உட்கார்ந்தபோது இருசம்மாள் சண்டைக்கு வந்தாள். "அப்ப மழை கூடவும் இல்ல, கொறையவும் இல்லங்கிறீங்களா? நான் ஒத்துக்க மாட்டேன். எனக்குக் கல்யாணமான புதுசுல பொழுதுக்கும் நசநசன்னு தூறிக்கிட்டே கெடக்கும். வெறகு காயாது. துணி காயாது. இப்ப எங்க தூறுது? அடிச்சா ஒரே அடி, மண்ணையும் சேத்து வாரிக்கிட்டுப் போயிடுது. சாமை வெதைச்சா மொளைச்சு நின்னு காயுது."

ஜபருல்லா பதில் சொல்ல வாயெடுத்தான். சாகிரா அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"என்னங்க, எவ்ளோ பெஞ்சுதுன்னு பாக்கத்தான் கண்ணாடி வேணும். எத்தனை நாள் பெஞ்சுதுன்னு எண்ணுறதுக்குக் கண்ணாடி எதுக்கு?"

அவன் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. மொத்தமாகக் கூட்டுவதிலேயே குறியாக இருந்து, நாட்களை எண்ணிப் பார்க்க இருவருக்கும் தோன்றவே இல்லை.

கீழே வந்ததும் முதல் வேலையாகப் புத்தகங்களைத் திரும்பப் பிரித்தார்கள். டைப் அடித்ததெல்லாம் இருந்ததால் இந்தத் தடவை வேலை சட்டென்று ஓடியது. அந்தக் காலத்தில் வருஷத்துக்குத் தொண்ணூறு நாளை ஒட்டி மழை பெய்த மலையில் இப்போது அறுபத்தைந்து நாள்தான் பெய்தது. கொட்டுகிற தண்ணீர் அதேதான், கொட்டுகிற நாள்தான் குறைந்திருந்தது. சித்திரையில் விட்டு விட்டு வரும் சின்னத் தூறல்கள் பாதிக்கு மேல் காணவில்லை. ஓரக் குறிப்பில் 'மூடுபனி' என்ற சொல்லை நஜீமா ஒரு பக்கம் எண்ணினாள். அதுவும் வர வரக் குறைந்துகொண்டே வந்தது. கொட்டித் தீர்க்கும் மழைதான், வகுத்துச் சரி பண்ணிய பிறகும், முன்னைவிட அதிகமாக இருந்தது. இருசம்மாள் சொன்னதும் சரி, புத்தகம் சொன்னதும் சரி.

ஜபருல்லா நேரே டீக்கடைக்குப் போய், தான் சொன்னது தப்பு என்றும், தப்பு எங்கே நடந்தது என்றும், இப்போது தெரிந்தது என்ன என்றும் ஒளிக்காமல் சொன்னான். கேலி செய்ய வந்தவர்கள் இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள். பொட்டென்று ஒரே நாளில் கொட்டினால் தண்ணீர் ஊறாமல் ஓடிவிடும், ஆறு மணலாகத்தான் கிடக்கும் என்பது அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதாக இல்லை. 'மழை பாய்' என்ற பேர் மட்டும் போகவில்லை. அந்தப் பேரோடேயே அவன் ஆனி மாதம் பெரம்பலூரில் கடை திறந்தான். ஆணியும் நன்றாகவே விற்றது.

திருச்சியில் ஒரு கல்லூரியில் புவியியல் பாடம் நடத்தும் தர்மன் சார், கேள்விப்பட்டுக் கடைக்கே வந்தார். டைப் அடித்த தாள்களை அங்கேயே நின்று ஒரு மணி நேரம் படித்தார். காடு அழிந்ததாலா, வானமே மாறுவதாலா என்று இதை வைத்து இப்போது சொல்லிவிட முடியாது, ஒரு மலை, ஒரு மானிதானே, இன்னும் பல இடத்தில் பல வருஷம் அளக்க வேண்டும் என்றார். "ஆனா இப்படி உக்காந்து அறுபது வருஷத்தையும் யாரு பாக்கறாங்க?" என்று அவர் சொன்னதை ஜபருல்லா வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னான். சார் எழுதிய கட்டுரையில் இரண்டு பேருடைய பேரும் வந்தது. அச்சுக் கோத்தவர் யாரோ 'திரு. சாகிர்' என்று போட்டுவிட்டார். லத்தீப் அதைப் படித்துவிட்டு, "யாரு மாப்ள இந்த சாகிர்? ஒன்னோட கூட்டாளியா?" என்று கேட்டார். "ஆமா மச்சான்," என்றான் ஜபருல்லா. "நல்ல கூட்டாளி."

புதிய மானிக்குச் சரியான கண்ணாடியைத் தர்மன் சார் சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். ஐப்பசியில் அதைப் பஞ்சில் பொதிந்து, துணியில் சுற்றி, சாகிரா மடியிலேயே வைத்து எடுத்துப் போனாள். இந்தத் தடவை நஜீமாவும் ஏறினாள். அன்று ராத்திரி மலையில் நல்ல மழை பிடித்தது. காலையில் முற்றமெல்லாம் சேறு. ஓடையின் இரைச்சல் பங்களா வரைக்கும் கேட்டது.

எட்டரை மணிக்கு அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்களெல்லாம் வந்து மானியைச் சுற்றி நின்றார்கள். செல்லமுத்து வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, ஜாடியை எடுத்து, புதுக் கண்ணாடியில் சொட்டு சிந்தாமல் ஊற்றினார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"முப்பத்தியாறு மில்லிமீட்டர்," என்றார். குரலில் உற்சாகமே இல்லை.

"நல்ல மழைதானேண்ணே?" என்றாள் சாகிரா.

"என்னத்த நல்ல மழை போங்க. பழைய கண்ணாடியா இருந்தா இது அம்பத்தியாறு காட்டியிருக்கும்." அவர் புத்தகத்தைப் பிரித்து, பேனாவை உதறி, எழுத மனமில்லாமல் நின்றார். "போன வாரம் வரைக்கும் எனக்கு நல்லாத்தான் பெஞ்சுக்கிட்டிருந்துச்சு பாயம்மா. நீங்க வந்துதான் எம் மழையைக் கொறைச்சுட்டீங்க!"